போர்டில் எழுதிய பேர் ஒண்ணு, ஊர் கூப்பிட்ட பேர் இன்னொண்ணு: நாகசாமி நாயுடுவின் தலப்பாவும் டிரேட்மார்க் சட்டமும்

திண்டுக்கல் பக்கம் பஸ்ஸில் போனாலே பிரியாணி ஞாபகம் வந்துடும். அதோடு சேர்ந்து ஒரு பேரும் வரும்: தலப்பாகட்டி. இன்னிக்கு வெளிநாடு வரை கிளை விரிச்சிருக்கும் இந்தப் பேரை யாரும் உட்கார்ந்து யோசிச்சு வைக்கலை. நாகசாமி நாயுடு தன் கடைக்கு வைத்த பேரும் இது இல்லை.

அப்போ இந்தப் பேர் எப்படி வந்தது? அது யாருக்குச் சொந்தம்? பயன்படுத்தாமல் விட்டா போயிடுமா? அவர் கதையோடு சேர்த்தே பார்ப்போம்.

யார் இந்த நாயுடு?

1957-ல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஹோட்டல் தொடங்கினார். பேர், ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் 'விலாஸ்' இருந்தது. அதில் இதுவும் ஒண்ணு.

ஆனா கடை தனியா தெரிஞ்சது ரெண்டு விஷயத்தால். முதலாவது சாப்பாடு. பாசுமதி இல்லாமல், பொடி மணியாக இருக்கும் சீரகச் சம்பா அரிசி. கன்னிவாடி, பரமத்தி சந்தை ஆட்டுக்கறி. ரெண்டாவது முதலாளி. எப்பவும் தலையில் தலப்பா கட்டியிருப்பார். சாப்பிட வந்தவங்க போர்டைப் பார்த்துப் பேர் சொல்லலை, கல்லாவில் இருந்த மனுஷனைப் பார்த்துச் சொன்னாங்க. தலப்பாகட்டி நாயுடு கடை, பிறகு தலப்பாகட்டி கடை, கடைசியில் தலப்பாகட்டி பிரியாணி.

நாயுடு மறைந்த பிறகு கடை குடும்பத்தின் கைக்குப் போனது. பேரன் காலத்தில் அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. போர்டில் முன்னுக்கு வந்தது தலப்பாகட்டி. ஆனந்த விலாஸ் பின்னால் போயிடுச்சு.

பிரச்சினை எங்கே வந்தது?

பேர் பிரபலமானதும் அதே சாயலில் வேற கடைகள் வந்தன. சென்னையில் 'தலப்பாக்கட்டு' என்ற பேரில் ஒரு கடை நடந்தது. ஒரு எழுத்து மாறினா வேற பேரா? விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு போட்ட தரப்பின் பேரிலேயே கதை முழுக்க இருக்கு: தலப்பாகட்டி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். ஊர் வைத்த பேர், மனுஷன் பேர், போர்டு பேர் மூணும் ஒரே வரியில்.

எதிர்த்தரப்பின் பக்கமும் யோசிக்க ஒரு கேள்வி இருக்கு. தலப்பா நம்ம ஊரில் எத்தனையோ பேர் கட்டுறது. பொதுவான ஒரு சொல்லை ஒரே குடும்பம் எப்படிப் பிடிச்சு வைக்க முடியும்?

சட்டம் இங்கே பார்ப்பது அகராதி அர்த்தத்தை மட்டும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் வாடிக்கையாளர் மனசில் எந்தக் கடை வருது என்பதைத்தான் முக்கியமா பார்க்கும். 1999-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34-வது பிரிவு, மற்றவர் பதிவு செய்வதற்கும் பயன்படுத்துவதற்கும் முன்பிருந்தே ஒரு பேரைத் தொடர்ந்து பயன்படுத்தியவரைப் பாதுகாக்குது. பதிவே இல்லாட்டியும், நம்ம பேரை வச்சு ஏமாத்தி விற்கிறாங்கன்னு வழக்கு போடும் உரிமையை 27-வது பிரிவு விட்டு வைக்குது. சுருக்கமா, முதலில் ஆபீஸுக்கு ஓடினவரைவிட முதலில் கடையில் உழைச்சவருக்கு மதிப்பு அதிகம்.

பயன்படுத்தாமல் விட்டா?

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. பேர் என்பது பட்டா போட்ட நிலம் மாதிரி பூட்டி வைக்கிற சொத்து இல்லை. 47-வது பிரிவின்படி, பதிவான பேரை தொடர்ந்து 5 ஆண்டுகளுக்கு மேல் உண்மையா பயன்படுத்தாமல் விட்டா, பாதிக்கப்பட்ட ஒருவர் அதைப் பதிவேட்டில் இருந்து நீக்கச் சொல்லிக் கேட்கலாம். மனு போடுவதற்கு முந்தைய 3 மாதம் இந்தக் கணக்கில் சேராது. நீக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் அவசரமா நாலு பாக்கெட் வித்துக் கணக்கு காட்டக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு.

ஆனா கடை மூடியிருந்தாலே கைவிட்டதா அர்த்தம் இல்லை. இதற்குச் சென்னையே உதாரணம். 'ஸ்பார்டன்' என்ற பெயின்ட் பேருக்காக ஆஸ்திரேலியாவின் ஹார்டி நிறுவனமும் சென்னையின் அடிசன்ஸ் நிறுவனமும் மோதின. ஹார்டி இந்தியாவில் அதைப் பயன்படுத்தவே இல்லை, நீக்குங்கள் என்பது அடிசன்ஸ் வாதம். 2003-ல் உச்ச நீதிமன்றம் பழைய 1958 சட்டத்தின் கீழ் தீர்ப்பு சொன்னது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால்தான் பொருள் வரலை, அதைக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது என்று ஹார்டி பக்கம் நின்றது.

இன்னொரு உதாரணம் ஹைதராபாத் 'சார்மினார்'. புகையிலைப் பொருள் எல்லாத்துக்குமாகப் பதிவு, ஆனா விற்றது சிகரெட் மட்டும். 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைச் சிகரெட்டோடு சுருக்கியது. பயன்படுத்தின அளவுக்குத்தான் பேர்.

பூட்டு ஊருக்கு, தலப்பா ஒருத்தருக்கு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அது எந்த ஒரு முதலாளிக்கும் சொந்தம் இல்லை. முறைப்படி பதிவு செய்துகொண்டு அங்கே பூட்டு செய்யும் எல்லோரும் பயன்படுத்தலாம். டிரேட்மார்க் நேர் எதிர். அது ஒரு கடையை இன்னொரு கடையிலிருந்து பிரிச்சுக் காட்டத்தான் இருக்கு.

உங்க வீட்டிலும் தாத்தா பேரில் ஒரு கடை இருந்தா?

முதலில் பதிவு இருக்கான்னு பாருங்க. பதிவு 10 ஆண்டுக்குத்தான், பிறகு புதுப்பிக்கணும். பழைய பில், விளம்பரம், போர்டு போட்டோ எதையும் தூக்கிப் போடாதீங்க, வழக்கில் அதுதான் சாட்சி. ஊர் கூப்பிடுற பேர் போர்டில் இருக்கும் பேரைவிட வேறயா இருந்தா, அதையும் சேர்த்துப் பதிவு பண்ணுங்க. கடையைக் கொஞ்ச நாள் மூடுறீங்கன்னா 5 ஆண்டு கணக்கு மனசில் இருக்கட்டும். பேரை நீக்கச் சொல்லும் மனுக்களை முன்பு தனித் தீர்ப்பாயம் விசாரிச்சது. 2021-ல் அது கலைக்கப்பட்டதால், இப்போ பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோதான் போகணும்.

நாயுடு காலத்தில் இதெல்லாம் யாருக்கும் பெருசா தெரியாது. அவர் தினமும் தலப்பா கட்டினார், தினமும் அடுப்பு மூட்டினார். அவர் குடும்பம் இன்னிக்குச் சட்டத்தின் முன்னால் காட்டுற உரிமைக்கு ஆரம்பம் அந்தத் தினசரிப் பழக்கம்தான்.