46 வயது வீரருக்கு விலை!

கால்பந்து ஆடுகிறவருக்கு 35 வயது ஆகிவிட்டால், இனி இவர் நமக்கு எதற்கு என்று கோஷ்டிகள் யோசிக்கத் தொடங்கிவிடும்.

46 வயதுக்காரரை ஒரு கோஷ்டி பணம் கொடுத்து வாங்கியது என்றால் நம்ப முடிகிறதா?

அப்படி வாங்கப்பட்டவர் ஸ்டான்லி மாத்யூஸ். இங்கிலாந்து நாட்டின் புகழ்பெற்ற கால்பந்து வீரர்.

தந்தையின் ஆசை

இங்கிலாந்தில் ஸ்டோக் என்று ஒரு நகரம். பீங்கான் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு 1915-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி மாத்யூஸ் பிறந்தார்.

தந்தை ஜாக், முடி திருத்தும் தொழிலாளி. குத்துச்சண்டையும் போடுவார். மகனும் குத்துச்சண்டை வீரன் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனுக்கோ பந்தின் மேல்தான் கண்! கடைசியில் தந்தை விட்டுக்கொடுத்தார். ஆனால் உடற்பயிற்சியை மட்டும் விடவில்லை. அதிகாலையில் மகனை எழுப்பி, பழக்கினார். அந்தப் பழக்கம்தான் பிற்காலத்தில் மாத்யூசைக் காப்பாற்றியது.

17 வயதில் ஸ்டோக் சிட்டி கோஷ்டியில் ஆடத் தொடங்கினார். வலது ஓரத்தில் ஆடுவார். இந்தப் பக்கம் போவது போல உடம்பைச் சாய்ப்பார். எதிரி ஏமாந்ததும், அந்தப் பக்கம் பாய்ந்துவிடுவார். என்ன செய்யப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தடுக்க முடியாது!

விற்றார்கள்

1947-ல் மானேஜருக்கும் அவருக்கும் மனத்தாங்கல். பிளாக்பூல் கோஷ்டிக்கு அவரை விற்றுவிட்டார்கள். விலை 11 ஆயிரத்து 500 பவுன்.

அந்த ஆண்டு, கடைசிப் பந்தயத்தில் ஜெயித்தால் ஸ்டோக் கோஷ்டிக்குத்தான் சாம்பியன் பட்டம் என்ற நிலை. அந்தப் பந்தயத்தில் தோற்றார்கள். மாத்யூசை விற்காமல் இருந்திருந்தால்?

அப்போது அவருக்கு வயது 32. இன்னும் 2 வருடம் ஆட முடியுமா என்று பிளாக்பூல் மானேஜர் கேட்டார். மாத்யூஸ் அங்கே 14 வருடம் ஆடினார்!

தந்தை சாகும் தறுவாயில், இங்கிலாந்துக் கோப்பையை வெல்வதாக மகனிடம் வாக்கு வாங்கியிருந்தார். 1948-ல் இறுதிப் பந்தயத்தில் தோல்வி. 1951-லும் தோல்வி.

1953-ம் ஆண்டு மே 2-ந் தேதி மூன்றாவது முறை. எலிசபெத் ராணி பார்த்துக்கொண்டிருந்தார். எதிரிகள் 3 கோல், பிளாக்பூல் 1 கோல். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் 38 வயது மாத்யூஸ் புறப்பட்டார். வலது ஓரத்தில் மீண்டும் மீண்டும் எதிரிகளைத் தாண்டிப் போய், பந்தைக் கொடுத்தபடி இருந்தார். கடைசி வினாடிகளில் பிளாக்பூல் 4-3 என்று ஜெயித்தது. தந்தைக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியது.

மீண்டும் வாங்கினார்கள்

1961-ல் ஸ்டோக் கோஷ்டி இரண்டாவது பிரிவில் கிடந்தது. மைதானத்தில் கூட்டம் இல்லை. புதிய மானேஜர் டோனி வாடிங்டன் துணிந்தார். முன்பு விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்து, மாத்யூசைத் திரும்ப வாங்கினார்.

பலர் சிரித்தார்கள். தாத்தாவை வாங்குகிறார்களே என்று கேலி.

ஆனால் மாத்யூஸ் திரும்பி வந்த முதல் பந்தயத்துக்கு சுமார் 36 ஆயிரம் பேர் திரண்டார்கள். முந்தைய பந்தயத்துக்கு வந்ததைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். கொடுத்த பணம் டிக்கெட்டிலேயே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

மது, சிகரெட் அவர் தொடுவதில்லை. (சிகரெட் விளம்பரத்தில் அவர் படம் வந்தது வேறு கதை!) திங்கட்கிழமைகளில் பட்டினி இருப்பார்.

1963-ல் ஸ்டோக் கோஷ்டி முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அதை உறுதி செய்த பந்தயத்தில் மாத்யூசே ஒரு கோல் போட்டார். அப்போது வயது 48.

1965-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி கடைசியாக முதல் பிரிவில் ஆடினார். 50 வயது முடிந்து 5 நாள் ஆகியிருந்தது. அந்த ஆண்டுதான் அவருக்கு "சர்" பட்டமும் கிடைத்தது.

அவசரப்பட்டு ஓய்வு பெற்றுவிட்டதாகவும், இன்னும் 2 வருடம் ஆடியிருக்கலாம் என்றும் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார்.

2000-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, 85-வது வயதில் காலமானார். அவரது அஸ்தி, ஸ்டோக் கோஷ்டியின் மைதானத்தில், நடு வட்டத்தின் அடியில் புதைக்கப்பட்டது.