3 அங்குலத் தொலைநோக்கி

குட்டீஸ்! வேம்பார் கடற்கரையில் நின்று இரவு வானத்தைப் பார்த்ததுண்டா? அப்படிப் பார்த்தே புகழ் பெற்றவர் ராதா கோவிந்த சந்திரா.

வங்காளத்தின் ஜெசூரில் 1878ல் பிறந்தார். நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றார். கருவூலத்தில் சொற்பச் சம்பளத்தில் வேலை பார்த்தார். 1910ல் ஹாலி வால் நட்சத்திரத்தைக் கண்டதும் ஆர்வம் பெருகியது. 1912ல், இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி வரவழைத்தார்.

சின்னக் கருவிதான். ஆனாலும், நட்சத்திரங்களின் ஒளி கூடுவதையும் குறைவதையும் விடாமல் குறித்து வந்தார். 1918ல் திடீரென ஒளிர்ந்த புது நட்சத்திரத்தையும் கண்டார். அவரது உழைப்பைப் பாராட்டி, அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் 1926ல் 6 அங்குலத் தொலைநோக்கி அனுப்பியது. 37,000க்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதிய அவர், 1975ல் மறைந்தார். அந்தத் தொலைநோக்கி பின்னர் நம் திருப்பத்தூர் மாவட்டக் காவலூர் வான் ஆய்வகத்துக்கு வந்தது.

கருவி சிறிதென்று கவலை வேண்டாம், செல்லங்களே. பார்ப்பதைத் தினமும் எழுதி வையுங்கள்!