மழையில் நனைந்தவர்

ஏழாம் அகவையில் இலண்டன் லாம்பெத் ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்ட ஒருவர், இருபத்தைந்தாம் அகவையில் தம் சேமிப்பு 1,500 டாலரையும் பிணையாக வைக்க முன்வந்தார். கீஸ்டோன் நிறுவனத்தில் வாரம் 150 டாலர் ஊதியம் பெற்றுவந்த சார்லி சாப்ளினுக்கு, தாம் நடிக்கும் படத்தைத் தாமே இயக்க வேண்டும் என்னும் வேட்கை. தயங்கிய மேக் சென்னட் இப்பிணைக்குப் பின்னரே இசைந்தார். 1914 மே 4ஆம் நாள் ‘காட் இன் தி ரெயின்’ வெளிவந்தது.

கதை மிக எளியது. பூங்காவில் தனித்திருக்கும் பெண்ணொருத்தியிடம் சார்லி குழைந்து பேசுகிறான். அவள் கணவன் வந்து விரட்டுகிறான். இரவில் குடித்துத் தள்ளாடி அவன் தங்கவரும் விடுதியிலேயே, எதிர் அறையில் அத்தம்பதியர்! அப்பெண்ணோ உறக்கத்தில் நடப்பவள்; நடந்து சார்லியின் அறைக்கே வந்துவிடுகிறாள். பகலில் குற்றம் புரிந்தவன் இரவில் குற்றமற்றவன். ஆயின் யார் நம்புவர்? அவளை அவள் அறையில் சேர்த்துவிட்டு, கணவனுக்கு அஞ்சி, படுக்கையுடையில் கொட்டும் மழையில் மாடத்தில் நிற்கிறான். நகை பிறக்கும் களன்களுள் பேதைமையையும் வைத்த தொல்காப்பியர் இக்காட்சியை ஏற்றிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

படிகளில் வழுக்கி விழும் அக்குடிகாரனை நான் முழுமனத்துடன் சிரித்துப் பார்த்ததில்லை. சாப்ளினின் தந்தையார் குடியால் நலிந்து 1901இல் 38ஆம் அகவையில் இறந்தார். மகனோ, பிரெட் கார்னோவின் நாடகக்குழுவில் குடிகாரனாக நடித்தே பெயர் பெற்றார்.

பின்னாளில் ஐயம் அவரையே சூழ்ந்தது. அவருடைய மணவாழ்வும் காதல்களும் ஊரறிந்தவை. அவரைக் குற்றமே அற்றவர் என்பதற்கில்லை. எனினும் 1940களில் தொடரப்பட்ட தந்தைமை வழக்கில், குழந்தை அவருடையதன்று என்று குருதிச் சோதனை காட்டியது. கலிபோர்னிய நீதிமன்றம் அதை முடிந்த சான்றாகக் கொள்ளவில்லை. 1945இல் அவரே தந்தை எனத் தீர்ப்பாயிற்று. பழைய பூங்காக் குற்றத்திற்கு மாடத்து மழை தண்டனையாயிற்றோ?

அரசியல் ஐயமும் சேர்ந்துகொள்ள, 1952இல் அவர் இலண்டனுக்குக் கப்பலேறியவுடன் மீள்நுழைவு அனுமதியை அமெரிக்க அரசு நீக்கியது. சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 1972இல் சிறப்பு ஆஸ்கர் விருது பெற மீண்டும் அந்நாட்டு மண்ணில் இறங்கியபோது அவருக்கு அகவை 82. அரங்கம் நெடுநேரம் எழுந்து நின்று கைதட்டியது.