பல்லைத் தாங்கும் தூளி

சோற்றில் கிடந்த சிறு கல் ஒன்று பல்லில் பட்டால் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பட்ட அந்தக் கணமே தாடை நின்றுவிடுகிறது. கல்லை நாம் கண்ணால் பார்க்கவில்லை; கையால் தொடவும் இல்லை. ஆயினும், வலப்பக்கமா இடப்பக்கமா, முன்பல்லா கடைவாய்ப் பல்லா என்பதுகூட நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பல்லின் வெளிப்பூச்சாகிய எனாமலில் நரம்பே கிடையாது. அப்படியானால் அந்தக் கல்லை உணர்ந்தது எது?

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான், அதாவது, நாம் எழுதும் தாள்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த அளவு. கல்லை உணர்வதில் பெரும்பங்கு இந்தச் சவ்விலுள்ள நரம்புகளுக்கு உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அந்த இடைவெளியைப் பல ஆண்டுகள் நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்த ஒருவரின் வரலாறு இது.

அவருடைய பெயர் கிரீன் வார்டிமன் பிளாக். ஜி. வி. பிளாக் என்றால் உலகெங்கும் உள்ள பல் மருத்துவ மாணவர்களுக்குத் தெரியும். அவர் 1836ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், வின்செஸ்டர் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். பண்ணையில் வளர்ந்த அவருக்குப் பள்ளிக்கூடத்தைவிடக் காடும் ஓடையும்தான் பிடித்திருந்தன. செடிகொடிகளையும் சிறு உயிரினங்களையும் கவனிப்பதில் பொழுதைக் கழித்தார். முறையான பள்ளிப்படிப்பு அவருக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. பெற்றோர் கவலைப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

17 வயதில் அவர் தம் அண்ணன் தாமஸிடம் சென்றார். அண்ணன் ஒரு மருத்துவர். அவரிடம் மருத்துவ நூல்களைப் படித்த பிறகு, ஸ்பியர் என்னும் பல் மருத்துவரிடம் சிறிது காலம் தொழில் பழகினார். அந்நாளில் அமெரிக்காவில் பல் மருத்துவத்திற்கெனக் கல்லூரிகள் தோன்றியிருந்தன. முதலாவது கல்லூரி 1840இல் பால்டிமோர் நகரில் தொடங்கப்பட்டது. ஆனால், பெரும்பாலோர் தச்சுவேலை பழகுவதுபோல ஒருவரின் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இத்தொழிலைக் கற்றார்கள். பிளாக்கும் அப்படியே கற்று, வின்செஸ்டரில் தொழிலைத் தொடங்கினார்.

பின்னர் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. பிளாக் வடமாநிலப் படையில் சேர்ந்து, எதிரிகளின் நடமாட்டத்தை வேவு பார்க்கும் வீரராகப் பணியாற்றினார். முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1864இல் ஜாக்சன்வில் என்னும் ஊரில் குடியேறினார். அவருடைய வாழ்வின் நீண்ட பகுதி அங்கேதான் கழிந்தது.

ஜாக்சன்வில்லில் அவர் பல் மருத்துவர் மட்டுமல்லர், கைவினைஞரும்கூட. காலால் மிதித்து இயக்கும் பல் துளைக்கருவியை உருவாக்கிய சிலருள் அவரும் ஒருவர். 1870ஆம் ஆண்டு முதல் செயிண்ட் லூயிஸ் நகரில் இருந்த பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்று விரிவுரை ஆற்றினார். கல்லூரியில் படிக்காதவர் கல்லூரியில் பாடம் நடத்தினார். பட்டங்கள் அவருக்குப் பிறகுதான் வந்தன.

அக்காலப் பல் மருத்துவர்களை வாட்டிய ஒரு கேள்வி இருந்தது. சொத்தையே இல்லாத நல்ல பற்கள் ஏன் ஆடுகின்றன? ஏன் தாமாகவே விழுகின்றன? ஈறு சிவக்கும், இரத்தம் கசியும், சீழ் வடியும், பல் மெல்ல மெல்ல ஆடத் தொடங்கும். இந்நோயைப் பற்றி விரிவாகப் பேசிய ஜான் ரிக்ஸ் என்னும் மருத்துவரின் பெயரால் அமெரிக்கர்கள் அதனை ரிக்ஸ் நோய் என்றே அழைத்தார்கள். ரிக்ஸ் வேரின்மேல் படிந்த காரையைச் சுரண்டி நீக்கி, ஆடும் பற்களைக் காப்பாற்ற முயன்றார். ஆனால், பல மருத்துவர்கள் ஆடும் பல்லைப் பிடுங்கி எறிவதையே சிகிச்சையாகக் கொண்டிருந்தனர். நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

பல் ஏன் ஆடுகிறது என்று அறிய வேண்டுமானால், அது முதலில் எப்படி ஆடாமல் நிற்கிறது என்று தெரிய வேண்டும். பழைய உடற்கூற்று நூல்கள் பல்லும் தாடையும் சேரும் இடத்திற்கு, ஆணி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் சூட்டியிருந்தன. பலகையில் ஆணி இறுகி நிற்பதுபோலப் பல் எலும்பில் நிற்கிறது என்பது அப்பெயரின் கருத்து. பிளாக் அந்த இடத்தைத் தாமே பார்க்க விரும்பினார்.

பார்ப்பது எளிதன்று. பல்லும் எலும்பும் கல்போலக் கடினமானவை. நடுவிலுள்ள சவ்வோ ஈரத்துணிபோல மென்மையானது. கத்தி வைத்தால் கடினமான பகுதி நொறுங்கும். மென்மையான பகுதி கிழிந்துவிடும். ஆகவே, பல்லோடு சேர்ந்த தாடைத் துண்டை முதலில் அமிலத்தில் ஊறவைப்பார்கள். அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, எலும்பை இரப்பர்போல ஆக்கும். பிறகு, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் பதிப்பார்கள். அமிலம் மிகுந்தால் திசு கெட்டுவிடும். குறைந்தால் கத்தி இறங்காது. ஒரு நல்ல சீவலுக்காகப் பலவற்றைக் குப்பையில் போட வேண்டியிருக்கும். நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே பிளாக் இந்த வேலையையும் செய்தார்.

1887இல் அவர் தம் முடிவுகளை ஒரு நூலாக வெளியிட்டார். எலும்பின் மேலுறையையும் பல்லைச் சூழ்ந்த சவ்வையும் பற்றிய அந்நூலில், நுண்ணோக்கியில் கண்ட காட்சிகள் பல படங்களாக இடம்பெற்றன. பல் ஓர் ஆணி அன்று என்பதை அப்படங்களைப் பார்க்கும் எவரும் ஒப்புக்கொள்வர்.

வேரின்மேல் பற்காரை என்னும் மெல்லிய படலம் மூடியிருக்கிறது. அது ஓரளவு எலும்பைப் போன்றது. எதிர்ப்புறம் பற்குழியின் எலும்புச் சுவர். இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வெண்ணிற இழைகள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. ஒவ்வோர் இழைக்கட்டின் ஒரு முனை பற்காரைக்குள்ளும் மறுமுனை எலும்புக்குள்ளும் புதைந்திருக்கிறது. எலும்பில் புதையும் இத்தகைய இழைகளை ஷார்பி என்னும் பிரிட்டிஷ் உடற்கூற்று அறிஞர் முன்பே விவரித்திருந்தார். பல்லைச் சுற்றி அவை எந்தெந்தத் திசையில் செல்கின்றன என்பதைப் பிளாக் இடம் இடமாகப் பிரித்துக் காட்டினார்.

பல்லின் கழுத்தருகே சில இழைகள் விசிறிபோல ஈறுக்குள் விரிகின்றன. சில இழைகள் எலும்பின் விளிம்பைத் தாண்டிப் பக்கத்துப் பல்லையே பற்றிக்கொள்கின்றன. பற்கள் வரிசை கலையாமல் நிற்பதற்கு இவை உதவுகின்றன. சற்றுக் கீழே இழைகள் கிடையாக ஓடுகின்றன. வேரின் பெரும்பகுதியில் அவை சாய்வாக இருக்கின்றன. இந்தச் சாய்வில்தான் சூட்சுமம் உள்ளது. கீழ்த்தாடைப் பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இழைகளின் எலும்பு முனை மேலே இருக்கும். வேர் முனை கீழே இருக்கும். நாம் கடிக்கும்போது பல் கீழே அழுந்தப் பார்க்கும். உடனே இழைகள் இழுபட்டு விறைத்து அதைத் தாங்கிக்கொள்ளும். உத்தரத்தில் கட்டிய தூளியில் குழந்தையைக் கிடத்தினால் துணி எப்படி விறைக்கிறது? பல்லும் அவ்வாறே எலும்பில் தொங்குகிறது எனலாம். வேர் எலும்பை நேரடியாக இடிப்பதில்லை.

இழைகளுக்கு நடுவே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பலவகை உயிரணுக்களும் இருக்கின்றன. ஒருவகை உயிரணு இழைகளை உண்டாக்குகிறது. ஒருவகை பற்காரையைப் பூசுகிறது. ஒருவகை எலும்பைக் கட்டுகிறது. இன்னொரு வகை எலும்பைக் கரைக்கிறது. பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் மாணவர்களுக்கு இந்த உயிரணுக்கள் நெருங்கிய நண்பர்கள். கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, அழுந்தும் பக்கத்து எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. அதனால்தான் பல் இடம் மாறுகிறது. ஆணியாக இருந்தால் அது வளைந்திருக்கும். அல்லது பலகை பிளந்திருக்கும்.

பிளாக் தவறும் செய்தார். சவ்வுக்குள், வேரை ஒட்டி, சிறுசிறு உயிரணுக் கூட்டங்கள் வலைபோலப் பரவியிருப்பதை அவர் கண்டார். முதலில் அவற்றை நிணநீர் ஓடும் பாதை என எண்ணினார். தொடர்ந்து பார்த்தபோது அக்கருத்து அவருக்கே நிறைவளிக்கவில்லை. எனவே, 1899இல் வெளியிட்ட கட்டுரையில் அவற்றைச் சுரப்பிகள் என்றார். இரண்டும் சரியன்று. பல் உருவாகும்போது வேருக்கு வடிவம் கொடுத்த உறையின் எஞ்சிய துணுக்குகளே அவை. பிரெஞ்சு அறிஞர் மலாசே 1885இலேயே அவற்றை விவரித்திருந்தார். இன்றும் அவை மலாசேயின் பெயரால்தான் வழங்குகின்றன. ஆனாலும், பிளாக் அச்சிட்ட கருத்தை அவரே பின்னர் மாற்றி எழுதினார் என்பதைக் கவனியுங்கள். அப்போது அவருக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது, புகழும் வந்துவிட்டது. அவருடைய கண்டுபிடிப்புகளைவிட இதுவே என்னை மிகவும் கவர்கிறது.

அவருக்கு எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் உண்டு. மனிதர் எவ்வளவு விசையுடன் கடிக்கிறார்கள் என்பதை அளக்க ஒரு கருவி செய்து, பலரைக் கடிக்கச் சொன்னார். கடைவாய்ப் பற்களில் சராசரி விசை ஏறக்குறைய 170 பவுண்டு, அதாவது சுமார் 77 கிலோகிராம் எடைக்குச் சமமாக இருந்தது. தசை வலிமையைவிடப் பல்லைச் சூழ்ந்த சவ்வின் நிலையே இந்த விசைக்கு எல்லை வகுக்கிறது என்று அவர் கருதினார். சவ்வு நோயுற்றவர் பயில்வானாக இருந்தாலும் முறுக்கைக் கடிக்க முடியாது.

1891இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், 1897இல் அதன் பல் மருத்துவப் பள்ளிக்கு முதல்வரானார். சொத்தைகளை வகைப்படுத்தினார், பற்குழியை அடைக்கும் உலோகக் கலவையைச் சீர்செய்தார். 1909இல், பற்களில் பழுப்புக் கறை படியும் விந்தையை ஆராயும்படி மெக்கே என்னும் இளம் மருத்துவர் அழைத்ததை ஏற்றுக் கொலராடோவுக்கும் சென்றார். கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்தது இருவரையும் வியக்கவைத்தது. குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931இல்தான் தெரியவந்தது. இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவின் பெரும்பாலான பகுதிகளிலும் குழாய்நீரில் அளவோடு ஃபுளோரைடு சேர்ப்பதன் தொடக்கம் அந்தக் கறைதான்.

முதுமையில் அவர் மீண்டும் அந்த 0.2 மில்லிமீட்டர் இடைவெளிக்கே திரும்பினார். சொத்தையைத் தோண்டி அடைக்கலாம். அறுந்த இழைகளை அவ்வாறு செய்ய முடியாது. ஈறின் ஓரத்தில் படியும் அழுக்கு நாளடைவில் கல்லாக இறுகுகிறது. ஈறு வீங்குகிறது, வேரைப் பற்றிய இழைகள் ஒவ்வொன்றாக விடுபடுகின்றன, எலும்பும் கரைகிறது. அப்படி ஒருமுறை பற்காரையிலிருந்து பிரிந்த இழைகள் மீண்டும் பழையபடி பிணைவது மிக அரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நோய் தொடங்கும்போது வலி இருப்பதில்லை. வலி வரும்போது தூளியின் துணி பாதி கிழிந்திருக்கும். ஆகவே, ஆடிய பிறகு பிடுங்குவதை விட்டுவிட்டு, ஆடுவதற்கு முன்பே ஈறைக் கவனிக்கும்படி மருத்துவர்களை வற்புறுத்தினார். பல் மருத்துவர்கள் இன்றும் ஈறைச் சுற்றிச் சிறிய அளவுகோலை மெல்ல இறக்கி, இழைகள் எவ்வளவு ஆழம் விடுபட்டுள்ளன என்று அளந்து குறித்துக்கொள்கிறார்கள்.

பல்லைச் சூழ்ந்த திசுக்களின் நோய்களையும் பற்கூழின் நோய்களையும் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1915இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், தம் 79ஆம் வயதில், அவர் காலமானார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு சிகாகோவின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நாற்காலியில் அமர்ந்திருக்கும் உருவம் அது.