சிங்காரவேலரின் வாதத்திறன்

சென்னை மாநகரின் வடபால், கடலோரத்தே அமைந்தது காசிமேடு. விடியுமுன்னரே வலைகளும் கூடைகளும் விசைப்படகுகளும் நிறைந்து அத்துறை ஆரவாரிக்கும். அங்கிருந்து இராயபுரத்தைக் கடந்து, துறைமுகத்தின் ஓரமாகத் தெற்கே சென்றால், இராசாசி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமாகிய சிங்காரவேலர் மாளிகையைக் காணலாம். அப்பெயருக்குரிய ம. சிங்காரவேலர், 1860-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 18-ஆம் நாள், சென்னை மீனவர் குடியில் தோன்றியவர்.

அவர் சட்டம் பயின்று, உயர்நீதிமன்ற வழக்கறிஞராய் விளங்கினார். 1921-இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, தம் வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டுத் தொழிலைத் துறந்தார். அங்கியை எரித்தாரேயன்றி, வாதத்தை அவர் விட்டிலர். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளில், அவ்வுயர்நீதிமன்றத்திற்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் தொழிலாளரைக் கூட்டி, இந்தியாவின் முதல் மேநாள் விழாவை நடத்தினார். 1928-இல் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டமைக்காகச் சிறை புகுந்தார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தெட்டு!

1930-இல் விடுதலை பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ‘குடி அரசு’ முதலிய இதழ்களில், அறிவியலைப் பற்றியும் மூடநம்பிக்கைகளைப் பற்றியும் தொடர்ந்து எழுதலானார். சான்றின்றி எதனையும் ஏற்றலாகாது என்பதே அவர்தம் எழுத்தின் அடிப்படை. நீதிமன்றத்தில் சாட்சியை வினவும் முறையை, மக்களின் நம்பிக்கைகள்பால் அவர் செலுத்தினார் எனலாம்.

அம்முறையின் வன்மையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கடலுக்குப் புறப்படும் மீனவர் ஒருவர் தீய சகுனம் ஒன்றைக் கண்டார். அன்று வெறும் வலையோடு மீண்டார். சகுனமே காரணம் என்றார். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததனால் மட்டும், முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடுமா? அச்சகுனத்தைக் காணாத படகுகளும் அன்று வெறுமையாய் மீண்டனவா? சகுனத்தைக் கண்டும் வலை நிறைந்த நாள்கள் இல்லையா? காற்று, நீரோட்டம், மீன் வரும் பருவம் ஆகியவற்றைக் கொண்டே அன்றைய இழப்பை விளக்க இயலாதா? இவ்வாறு படிப்படியாக வினவுமிடத்து, முடிவை எழுதுவோன் கூற வேண்டுவதில்லை, படிப்போரே கூறிவிடுவர். நம்பியவரை இகழ்ந்து எழுதுவது எளிது. ஆனால், இகழப்பட்டவர் செவி சாய்ப்பதில்லை.

முதுமையிலும் எழுத்துப்பணியை மேற்கொண்ட சிங்காரவேலர், 1946-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 11-ஆம் நாள் இயற்கை எய்தினார்.