அகர வரிசைக்கு முன்னாடி சொல்லை எப்படித் தேடினாங்க?

தேக்கா சந்தையில மீன் ஒரு பக்கம், காய்கறி ஒரு பக்கம். 'அ'வில் தொடங்குற பொருளெல்லாம் ஒரே கடையில் இருக்காது, இல்லையா? தமிழின் பழைய நிகண்டுகளும் அப்படித்தான்.

திவாகர நிகண்டில் 12 தொகுதிகள். தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று போகும். எல்லாமே செய்யுள். மனப்பாடம் செய்தவருக்குப் பிரச்சினை இல்லை. செய்யாதவர்?

வளர்ந்த பிறகு தமிழ் படிக்க வந்தவரை நினைச்சுப் பாருங்க. 1680இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி அப்படிப்பட்டவர். சமயப் பணிக்காக இந்தியா வந்தபோது அவருக்கு வயது சுமார் 30. பிறகு 'தேம்பாவணி' என்ற காப்பியமே எழுதிட்டார்! நமக்கு அவர் வீரமாமுனிவர்.

1732இல் அவர் தொகுத்தது 'சதுரகராதி'. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். சொல்லுக்குப் பொருள் முதல் பகுதியில். ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் இரண்டாவதில். முக்கனி, ஐம்பொறி போன்றவை மூன்றாவதில். கடைசிப் பகுதி, எதுகை தேடும் கவிஞர்களுக்கு. நிகண்டுச் செல்வத்தை அவர் தூக்கி எறியலை. தேட வசதியா அடுக்கினார்.

அகர வரிசை அவருக்கு முன்பே உண்டு. 1594இல் ரேவண சித்தரின் 'அகராதி நிகண்டு' முதலெழுத்துப்படி அமைந்தது. ஆனா அதுவும் செய்யுள்தான்.

இன்னொன்று. பழைய ஏடுகளில் புள்ளி வைத்தால் 'தெ', வைக்காவிட்டால் 'தே'. புள்ளியை விட்டுட்டா ஒரே குழப்பம். அடுத்த முறை தேக்கா பெயர்ப்பலகையைப் பாருங்க. 'தே'யில் இருக்கும் அந்த இரட்டைச் சுழிக் கொம்பு, வீரமாமுனிவர் செய்த மாற்றம்.