அணு உலை விற்க ஏன் இத்தனை கெடுபிடி? ஹோமி பாபாவிடம் தொடங்கும் கதை

இன்று ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அணு உலை விற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஏகப்பட்ட நிபந்தனைகள். அதன் பின்னணியில் ஒரு இந்தியரின் கதையும் இருக்கு.

ஹோமி பாபா 1909-ல் மும்பையில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், 1939-ல் லீவுக்கு ஊருக்கு வந்தார். உலகப் போர் வெடித்தது, இங்கேயே தங்கிவிட்டார். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார்.

அப்போது இந்தியாவிடம் தொழில்நுட்பம் இல்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். 1956-ல் கனடா ஓர் ஆராய்ச்சி உலை தர ஒப்பந்தம் போட்டது. கனநீர் கொடுத்தது அமெரிக்கா. அதுதான் ‘சைரஸ்’. அமைதிப் பணிக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று உறுதிமொழி கொடுத்தால் போதும். சர்வதேச ஆய்வாளர்கள் வந்து சோதிப்பதெல்லாம் கிடையாது.

உதவி வாங்கும் நாடுகளை மட்டும் சோதிப்பது, குண்டு வைத்திருப்பவர்களை விட்டுவிடுவது என்ன நியாயம் என்று உலக மேடைகளில் வாதாடியவர் பாபா. ஆனாலும் 1963-ல் தாராப்பூர் மின்நிலையத்துக்காக அமெரிக்காவின் கண்காணிப்பு நிபந்தனைக்கு இந்தியா ஒப்புக்கொண்டது.

1966 ஜனவரி 24-ல் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் பாபா இறந்தார். வயது 56.

எட்டு ஆண்டுகள் கழித்து பொக்ரானில் முதல் அணுச் சோதனை. அதற்கான புளூட்டோனியம் சைரஸ் உலையிலிருந்து வந்தது. கனடா உதவியை நிறுத்தியது. 1975-ல் லண்டனில் ஏழு நாடுகள் கூடி ஏற்றுமதி விதிகளை வகுக்கத் தொடங்கின. அணுசக்தி விநியோக நாடுகள் குழு பிறந்தது அப்படித்தான்.

2008-ல் அந்தக் குழு இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. உறுப்பினர் இடம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.